பலிசோக் கரையில் ஒனொரின் சொன்னது

என்னைச் சிப்ரியன் வீட்டிலிருந்து பெண் கேட்டு வந்தபோது, என் அம்மா ஒரே ஒரு காரணத்தைச் சொல்லித்தான் மறுத்தாள். மாப்பிள்ளையிடம் குறை ஒன்றும் இல்லை. படகு சொந்தம், வலை சொந்தம், குடித்தாலும் சத்தம் போடாமல் தூங்கிவிடுகிற ஆள். குறையெல்லாம் அவனுடைய அம்மா ஒனொரினிடம்.

"தன் வாயாலயே 'நான் அடிமை'ன்னு சொன்னவ வீட்டுலயா என் பொண்ணைக் கொடுக்கணும்? அதுவும் ஊர் சனம் மொத்தமும் நின்னு கேட்டிருக்கு. வெள்ளைக்காரன் கேட்டிருக்கான்" என்றாள் அம்மா.

"வெள்ளைக்காரன் கேட்டா என்ன, அவன் வந்து தாலாட்டுப் பாடப்போறானா? சும்மா கிட" என்றார் அப்பா.

அம்மாவின் கோபத்தை நான் தப்பு சொல்லமாட்டேன். ஹொண்டுராஸ் கரையில் இந்தத் திருஹியோ ஊருக்கு நாங்கள் விரும்பி வந்தவர்கள் இல்லை. எங்கள் ஊர் யுருமைன் தீவு. வெள்ளைக்காரன் அதற்கு செயின்ட் வின்சென்ட் என்று பெயர் வைத்தான், எங்களுக்குக் கரீப் என்று. கரும்புத் தோட்டங்களில் விலைக்கு வாங்கிக் கட்டிப்போட்டிருந்தவர்களின் தோலும் எங்கள் தோலும் ஒரே கறுப்புதான். ஆனால் எங்களை எவனும் விற்றதில்லை, வாங்கினதும் இல்லை. அந்த ஒன்றைத்தான் நாங்கள் கப்பலில் கொண்டுவந்தோம். மற்றதெல்லாம் அங்கேயே எரிந்துபோய்விட்டது. 'அடிமை' என்ற சொல்லை எங்களில் யாரும் விளையாட்டுக்குக்கூடத் தன் தலைமேல் போட்டுக்கொள்ளமாட்டார்கள். ஒனொரின் போட்டுக்கொண்டாள்.

அப்பா சொன்னபடியே கல்யாணம் நடந்தது. அத்தை வீட்டுக்குப் பக்கத்திலேயே எங்களுக்கும் குடிசை போட்டுக் கொடுத்தார் சிப்ரியன்.

அத்தை உயரமான பெண். நெற்றி புருவத்திலிருந்து கூரை மாதிரி பின்னால் சரிந்து போகும். அவ்வளவு நேர்த்தியான நெற்றி எங்கள் ஊரிலேயே இரண்டு மூன்று பேருக்குத்தான் உண்டு. மற்ற பெண்களானால் அதைக் காட்டிக்கொண்டு நடப்பார்கள். அவள் மட்டும் தலைத்துணியைப் புருவம் வரைக்கும் இறக்கிக் கட்டுவாள். வாய் பொல்லாதது. முதல் வாரம் நான் சுட்ட மரவள்ளி ரொட்டியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பொண்ணே, இதைத் தின்னணுமா, இல்ல வீட்டுக்கு ஓடு போடணுமா?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு முழுசாகத் தின்றும் முடித்தாள்.

எனக்கு முதல் குழந்தை பிறந்தது. பெண். பிறந்த குழந்தைக்கு நெற்றியில் பஞ்சு வைத்து, அதன்மேல் ஒரு சின்னப் பலகையும் பின்னந்தலையில் இன்னொரு பலகையும் வைத்து, துணியால் சேர்த்துக் கட்டுவது எங்கள் வழக்கம். எலும்பு இளசாக இருக்கும்போதே கட்டினால், சில மாதத்தில் நெற்றி தட்டையாகிச் சரிந்துவிடும். அழகுக்கு மட்டும் இல்லை. கறுத்த தோலைக் கண்டால் தோட்டத்துரைமார் விலை பேசுவார்கள். தட்டை நெற்றியைக் கண்டால் பேசமாட்டார்கள். 'இது கரீப் ஆளு, தொட்டா வெட்டுவான்' என்று ஒதுங்கிப் போவார்கள். யுருமைனில் எங்களுக்கு அந்த நெற்றிதான் காவல். புருஷன் வீட்டு மூத்த பெண்தான் அதைக் கட்டவேண்டும். திருஹியோவில் அந்த வழக்கம் அப்போதே பாதி விட்டுப்போயிருந்தது. ஆனாலும் என் அம்மா பலகையும் பஞ்சும் கொண்டுவந்து அத்தை முன்னால் வைத்தாள்.

அத்தை அதைத் தொடவில்லை.

"என் கை வேண்டாம். நீங்களே கட்டுங்க. நல்லா இறுக்கிக் கட்டுங்க" என்றாள்.

"ஏன், உங்க கைக்கு என்ன?" என்றாள் அம்மா.

"என் கை ஆகாது, சம்பந்தி."

அம்மாவே கட்டினாள். குழந்தை வீறிட்டது. அத்தை கூடையை எடுத்துக்கொண்டு மரவள்ளிக் கொல்லைக்குப் போய்விட்டாள். மறுநாளும் குழந்தை அழ ஆரம்பித்ததும் போய்விட்டாள். இப்படியே ஒரு வாரம் பார்த்துவிட்டு, ஒரு நாள் குழந்தையை அம்மாவிடம் கொடுத்துவிட்டு நானும் பின்னாலேயே போனேன். கிழங்கைப் பிடுங்கிக் குவித்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். நானும் உட்கார்ந்து தோல் சீவ ஆரம்பித்தேன். அன்றைக்குக் கொஞ்சம் சொன்னாள். அதற்கப்புறம் கிழங்கு சீவும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். சிப்ரியனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் சேர்த்து நான் சொல்கிறேன்.

*

யுருமைனில் அத்தையின் வீடு காற்று வீசுகிற கீழ்க்கரையில் இருந்தது. அவள் புருஷன் லூபன் வெளுப்பு. அவருடைய அக்கா உர்சுலா இன்னும் வெளுப்பு, எண்ணெய் தடவாமலே வழுக்குகிற தலைமுடி. எங்களுக்குள் அதற்கு ஒரு பெயர் கிடையாது. ஒரே வீட்டில் அண்ணன் கறுப்பாக இருப்பான், தங்கை மஞ்சளாக இருப்பாள், ஒரே சட்டியில் தின்பார்கள். வெள்ளைக்காரன்தான் கறுப்புக் கரீப், மஞ்சள் கரீப் என்று இரண்டாகப் பிரித்துப் பேசினான்.

உர்சுலாவுக்குப் பிள்ளை இல்லை. தம்பி வீட்டிலேயே இருந்து தம்பி பெண்டாட்டியை அதிகாரம் பண்ணினாள். மாமியார் உயிரோடு இல்லாததால் நெற்றி கட்டுகிற உரிமை அவளுடையது. மூத்தவன் சிப்ரியனுக்கு அவள்தான் கட்டினாள். கட்டு பிசகவே இல்லை. அடுத்ததும் ஆண் குழந்தை. அதற்கும் கட்டினாள். அந்தக் குழந்தைக்குக் காய்ச்சல் வந்து, பலகையோடு அழுது அழுது, பலகையோடே செத்துப்போயிற்று. காய்ச்சல்தான் காரணம் என்று எல்லாருக்கும் தெரியும், அத்தைக்கும் தெரியும். ஆனால் அந்த அழுகை அவள் காதை விட்டுப் போகவில்லை.

மூன்றாவதாகப் பிறந்தவள் ஸெலி. வெளுப்பாக, அத்தையின் ஜாடையே இல்லாமல் அச்சு அசல் உர்சுலாவைப் போலப் பிறந்தாள்.

"பெத்தது நான், படுத்துக் கிடந்தது உன் மாமனார்" என்பாள் அத்தை. குழந்தை பிறந்தால் தகப்பன் ஊஞ்சல்படுக்கையில் படுத்துப் பத்தியம் இருக்கவேண்டும், நண்டு தின்னக்கூடாது, ஆமை தின்னக்கூடாது, தின்றால் அந்தக் கோளாறு குழந்தைக்கு வரும் என்று எங்களில் நம்பிக்கை. "வெறும் ரொட்டியும் தண்ணியும். நாலு நாள்ல கன்னம் ஒட்டிப்போச்சு. பிரசவிச்ச நான் தோட்ட வேலை பார்க்குறேன், இந்த மனுஷன் முனகிக்கிட்டுக் கிடக்குறார்."

உர்சுலா வழக்கம்போலப் பலகையைக் கட்டினாள். அத்தை குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு மலைமேல் கொல்லைக்குப் போவாள். அங்கே யாரும் இல்லை. குழந்தை அழும். கட்டை அவிழ்த்துவிடுவாள். குழந்தை சிரிக்கும். பொழுது சாய வீட்டுக்குக் கிளம்பும்போது மறுபடி கட்டிக்கொண்டு வருவாள். 'இன்னைக்கு மட்டும்' என்றுதான் ஒவ்வொரு நாளும் அவிழ்த்தாள்.

குழந்தைக்குப் பல் முளைத்தது, நடை வந்தது. நெற்றி மட்டும் பிறந்தபடியே உருண்டையாக இருந்தது.

"இது என்னடி நெத்தி, சுரைக்காய் மாதிரி?" என்றாள் உர்சுலா. "நான் கட்டி ஒரு தலை இப்படி ஆனதில்ல. டேய் லூபன், உண்மையைச் சொல்லு. பத்தியத்துல நண்டு தின்னியா?"

லூபன் பெண்டாட்டியைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டு கிழங்கு துருவினாள். அவருக்கு எல்லாம் தெரியும். ஒரு நாள் கொல்லைப் பக்கம் போய் மரத்தடியிலிருந்து பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் திரும்பி வந்தவர்.

"ஆமாக்கா, தின்னுட்டேன்" என்றார். "ஒண்ணே ஒண்ணு. சின்ன நண்டு."

"சின்ன நண்டாம்! ஒரு வாயை அடக்கத் தெரியாத பய. பொம்பளைப் பிள்ளை தலையைக் கெடுத்துட்டான் பாரு!" அன்றிலிருந்து நண்டைக் கண்டாலே உர்சுலா தம்பியைத் திட்டுவாள். அவர் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்வார். இதைச் சொல்லும்போது மட்டும் அத்தை கத்தியைக் கீழே வைத்துவிடுவாள்.

*

யுருமைனுக்காக இங்கிலீஷ்காரனும் பிரெஞ்சுக்காரனும் அடித்துக்கொண்டது எங்கள் பெரியவர்கள் பிறப்பதற்கு முன்னாலேயே தொடங்கியது. ஒருத்தன் கொடியை இறக்கினால் இன்னொருத்தன் ஏற்றுவான். இங்கிலீஷ்காரனுக்கு எங்கள் கரை வேண்டும். அதுதான் கரும்புக்கு நல்ல மண். பிரெஞ்சுக்காரன் எங்களோடு கூடிக் குடித்தான், எங்கள் பிள்ளைகளுக்கு அவன் பெயர்களை வைத்தான், துப்பாக்கி கொடுத்தான்.

"நம்ம மேல எவ்வளவு பிரியம் பாத்தியா?" என்று லூபன் ஒரு நாள் புதுத் துப்பாக்கியைக் காட்டினாராம்.

"பிரியமா? இங்கிலீஷ்காரன் மேல இருக்குற வெறுப்பு, மாமா" என்றாள் அத்தை. "அது தீர்ந்தா இதுவும் தீரும்."

"அரசியல் பேசுறா பாரு என் பெண்டாட்டி" என்று அவர் கேலி செய்தார்.

சண்டை மூண்டது. முதலில் எங்கள் ஆட்கள்தான் ஜெயித்தார்கள், தோட்டங்களைக் கொளுத்திக்கொண்டே போனார்கள். அப்புறம் இங்கிலீஷ்காரன் கப்பல் கப்பலாகச் சிப்பாய்களை இறக்கினான். பிரெஞ்சுக்காரன் குன்றின்மேல் வெள்ளைத் துணியைத் தூக்கினான். அவனைச் சண்டைக் கைதியாக மரியாதையோடு கப்பலேற்றினார்கள். பீரங்கியடியில் அவனுக்குத் துணையாக நின்ற லூபன் திரும்பி வரவில்லை. எங்கே விழுந்தார் என்று சொல்லக்கூட ஆள் வரவில்லை.

அதற்கப்புறம் சிப்பாய்கள் ஆளைத் தேடவில்லை, கொல்லையைத் தேடினார்கள். குடிசைகளை எரித்தார்கள், மரவள்ளியை வேரோடு பிடுங்கிப் போட்டார்கள், படகுகளை உடைத்தார்கள். காட்டுக்குள் எவ்வளவு நாள் இலையைத் தின்றுகொண்டு இருக்கமுடியும்? பெண்களும் பிள்ளைகளுமாக மலையிலிருந்து இறங்கிவந்து சரணடைந்தார்கள். அத்தை ஸெலியை இடுப்பிலும் சிப்ரியனைக் கையிலும் பிடித்துக்கொண்டு வந்தாள். பின்னால் உர்சுலா, தலையில் ஒரு துருவுபலகையோடு. சோறு இல்லாவிட்டாலும் துருவுபலகையை விடமாட்டேன் என்று தூக்கிக்கொண்டு வந்தாளாம்.

எல்லாரையும் பலிசோவில் கொண்டுபோய்க் கொட்டினார்கள். பலிசோ என்றால் கடலுக்கு நடுவில் ஒரு பாறைத் திட்டு. அங்கே ஊற்று இல்லை, ஆறு இல்லை. பெரிய தீவிலிருந்து பீப்பாயில் தண்ணீர் வரும். பீப்பாய் வந்து சேரும்போது வரிசையில் பாதிப் பேர் மயங்கிக் கிடப்பார்கள். அப்புறம் காய்ச்சல் வந்தது. காலையில் புதைக்கப் போனவனைச் சாயந்திரம் புதைத்தார்கள். ஆண்களெல்லாம் குழி வெட்டியே ஓய்ந்தார்கள்.

அப்போதுதான் ஒரு செய்தி கசிந்தது. கறுப்புக் கரீப்புகள் எல்லாரையும் எங்கோ தொலைதூரத்துக்குக் கப்பலில் அனுப்பப்போகிறார்கள். மஞ்சள் கரீப்புகளால் ஆபத்தில்லை என்று அவர்களை மட்டும் யுருமைனுக்கே திருப்பி அனுப்பப்போகிறார்கள். தோலைப் பார்த்துப் பிரிப்பார்கள்.

அத்தை தண்ணீர் வரிசையில் நின்றபடி தன் கையையும் இடுப்பிலிருந்த மகளின் கையையும் மாறி மாறிப் பார்த்தாள். ஸெலிக்கு அப்போதே உடம்பு காய்ந்துகொண்டிருந்தது. பக்கத்துக் குடிசையில் அதே வயதுப் பிள்ளையை முந்தாநாள்தான் புதைத்திருந்தார்கள்.

அவள் உர்சுலாவிடம் போனாள்.

"மதினி, நீங்க திரும்பிப் போயிடுவீங்க."

"போனா போறேன். இல்லாட்டி இங்கேயே கிடந்து சாகுறேன். இப்ப என்ன?"

"ஸெலியை உங்க மகன்னு சொல்லிக் கூட்டிட்டுப் போயிடுங்க."

உர்சுலா பிள்ளையின் காய்கிற நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். அப்புறம், "என் சமையலை உன் மக தின்பாளா?" என்றாள். "அத்தை ரொட்டி கல்லு மாதிரி இருக்குன்னு நீதானே அவளுக்குச் சொல்லிக்கொடுத்தே?"

"கல்லுதான் மதினி. இருந்தாலும் தின்பா."

"திமிரைப் பாரு!" என்று உர்சுலா அடிக்கக் கையை ஓங்கினாள். ஓங்கிய கையால் அத்தையின் தலையைப் பிடித்து மடியில் சாய்த்துக்கொண்டாள். இரண்டு பேரும் அதற்கு முன்னால் ஒருவரை ஒருவர் தொட்டதே இல்லை என்று சிப்ரியன் சொல்வார்.

பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார்கள். உர்சுலாவை அம்மா என்று கூப்பிடவேண்டும், ஒனொரினை அத்தை என்று கூப்பிடவேண்டும். ஸெலிக்கு அது விளையாட்டு. "அம்மா!" என்று உர்சுலாவைப் பார்த்துக் கூப்பிடுவாள். பழக்கத்தில் ஒனொரின் "என்னம்மா?" என்று திரும்பிவிடுவாள். "உனக்குத்தான்டி முதல்ல சொல்லிக்கொடுக்கணும், வாயை மூடு" என்று உர்சுலா அதட்டுவாள். சாயந்திரத்துக்குள் பிள்ளை சரியாகப் பழகிவிட்டது. ஒனொரினைப் பார்த்து "தண்ணி வேணும் அத்தை" என்றது. அதைக் கேட்டதும் ஒனொரின் எழுந்து கடல் பக்கம் போய்விட்டாள்.

*

பிரிக்கிற நாள் காலையில் கரையில் ஒரு மேஜை போட்டிருந்தார்கள். சிவப்புச் சட்டைத் துரை ஒருவர், அவருக்கும் காய்ச்சல், நிழலில் உட்கார்ந்திருந்தும் நடுங்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் பிரெஞ்சு பேசுகிற துபாஷி. இன்னொரு நாற்காலியில் யுருமைனில் கரும்புத் தோட்டம் வைத்திருந்த ஒரு முதலாளி. சண்டையில் அவன் தோட்டத்து அடிமைகள் பலர் ஓடிவந்து எங்கள் ஆட்களோடு கலந்துவிட்டார்கள், அவர்களைப் பொறுக்கிக்கொண்டு போக வந்திருந்தான்.

உர்சுலா வரிசையின் முன்னால், கையில் ஸெலி. கறுப்பு ஆட்கள் தனி வரிசை. அதில் சிப்ரியனைப் பிடித்துக்கொண்டு அத்தை நின்றாள்.

"யார் பிள்ளை?" என்று கேட்டான் துபாஷி.

"என் பிள்ளை" என்றாள் உர்சுலா. ஸெலி கேட்காமலே அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு "அம்மா" என்றாள்.

துரை கையை அசைத்தார், போகலாம் என்று. முதலாளி எழுந்து வந்தான். ஸெலியின் முடியைப் பின்னால் ஒதுக்கி நெற்றியைப் பார்த்தான். அப்புறம் உர்சுலாவின் நெற்றியைப் பார்த்தான். ஏதோ சொன்னான். துபாஷி அதைத் திருப்பிச் சொன்னான்.

"கரீப் பொம்பளை தன் பிள்ளை நெத்தியை இப்படி விடமாட்டா, இது தோட்டத்துப் பிள்ளைங்குறார். வெள்ளைக்காரனுக்கு எவளோ பெத்துட்டு ஓடிவந்திருக்கா, அதை நீ வெச்சிருக்கேங்குறார்."

"அட நாசமாப்போறவனே!" என்று கத்தினாள் உர்சுலா. "பிள்ளை பிறந்தப்போ காய்ச்சல், கட்ட முடியல. என் தம்பி பத்தியத்துல நண்டு தின்…" என்று தொடங்கி, வாயைக் கடித்துக்கொண்டாள். பிள்ளை தன்னுடையது என்று சொல்லிவிட்டுத் தம்பியின் பத்தியத்தைப் பேசிவிட்டாள்.

துபாஷி சிரித்தான். "தம்பி பத்தியம் இருந்தானா? அப்போ பெத்தது யாரு?"

முதலாளியின் ஆள் வந்து பிள்ளையைப் பிடித்தான். அதைப் பார்த்ததும் அத்தை வரிசையை விட்டு ஓடிவந்தாள். சிப்பாய் துப்பாக்கியைக் குறுக்கே நீட்டினான், அதன்மேல் விழுந்து கத்தினாள்.

"துரை, அது என் பிள்ளை! நான் பெத்தது! என்கூடக் கப்பல்ல விட்டுடுங்க!"

"இப்பத்தானே அவளோட பிள்ளைன்னாங்க?" என்றான் துபாஷி. "ஒரு பிள்ளைக்கு எத்தனை அம்மா? இன்னும் கொஞ்ச நேரம் போனா மூணாவது ஒருத்தி வருவா போல." அதைத் துரையிடமும் சொன்னான். துரை கண்ணை மூடிக்கொண்டு தலையைப் பின்னால் சாய்த்தார். அவருக்குச் சீக்கிரம் முடியவேண்டும்.

"நான்தான் கட்டை அவிழ்த்துவிட்டேன்!" என்றாள் அத்தை. "கொல்லையில வெச்சு தினமும் அவிழ்த்துவிட்டேன். பிள்ளை அழுதது, தாங்கமுடியல. அதுக்காக அது கரீப் இல்லாமப் போயிடுமா?"

உர்சுலா அவளைத் திரும்பிப் பார்த்தாள். அத்தனை வருஷம் நண்டுக்காகத் தம்பியைத் திட்டியவள், கையால் தன் வாயில் அடித்துக்கொண்டாள்.

துபாஷி இதை மொழிபெயர்க்கக்கூட இல்லை. ஸெலி இப்போது யாரைக் கூப்பிடுவது என்று தெரியாமல் "அம்மா, அத்தை, அம்மா" என்று மாற்றி மாற்றிக் கத்திக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் ஒனொரின் அதைச் சொன்னாள். கரையில் நின்ற எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"சரி. அது அடிமைப் பிள்ளைதான். நானும் அடிமைதான். தோட்டத்துல இருந்து ஓடிவந்தவ. என்னையும் பிடிச்சுட்டுப் போங்க."

வரிசையில் அழுதுகொண்டிருந்தவர்கள்கூட நிறுத்திவிட்டார்கள். எந்தச் சொல் தங்கள்மேல் விழக்கூடாதென்று புருஷனைப் பறிகொடுத்தார்களோ, வீட்டை எரியவிட்டார்களோ, அந்தச் சொல்லை எங்கள் பெண் ஒருத்தி கேட்டு வாங்கிக்கொண்டாள்.

முதலாளி அவளை மேலும் கீழும் பார்த்தான். நல்ல உடம்பு, உழைக்கிற கை. கையை நீட்டி அவள் தலைத்துணியை இழுத்தான். நெற்றியைக் கண்டதும் அருவருப்போடு கையை எடுத்துவிட்டான்.

துபாஷி சொன்னான்: "இந்த நெத்தியைக் கொண்டுபோய்த் தோட்டத்துல வெச்சா தோட்டத்துக்கே தீ வெப்பாங்குறார். இவ வேண்டாமாம். சும்மா கொடுத்தாலும் வேண்டாமாம்."

"இல்ல துரை, நான் அடிமை, நான் அடிமை" என்று சொல்லிக்கொண்டே இருந்தாளாம். சிப்பாய்கள் இழுத்துக்கொண்டு போகும்போதும் சொன்னாளாம். சிப்ரியன் பின்னால் ஓடியபடி, "அம்மா அப்படிச் சொல்லாதே, எல்லாரும் பாக்குறாங்க" என்று அவள் பாவாடையை இழுத்தாராம். இன்றைக்கும் அந்தப் பேச்சு வந்தால் அவர் எழுந்து வெளியே போய்விடுவார்.

ஸெலியை முதலாளியின் படகில் ஏற்றினார்கள். உர்சுலாவை வேறொரு படகில் ஏற்றினார்கள். உர்சுலா படகில் எழுந்து நின்று, "எந்தத் தோட்டம்னு நான் கண்டுபிடிக்கிறேன்டி! ரொட்டி வித்தாவது கண்டுபிடிக்கிறேன்!" என்று கத்தினாள். எங்கள் ஆட்களை ரொவாத்தான் தீவில் கொண்டுபோய் இறக்கினார்கள். அங்கிருந்து இந்தத் திருஹியோவுக்கு வந்தோம்.

*

கப்பலிலேயே சில பெண்கள் அத்தையோடு சேர்ந்து தின்ன மறுத்தார்கள். ரொவாத்தானில் அவள் அடுப்பிலிருந்து யாரும் நெருப்பு எடுக்கவில்லை. ஆற்றங்கரையில் வாய்ச்சண்டை வந்தால், எதிராளிக்குக் கடைசி ஆயுதம் அதுதான்: "நீ உன் வாயாலயே சொன்னவதானே!" அதற்கு அவள் எப்போதும் ஒரே பதில்தான் சொல்வாள். "ஆமா, சொன்னேன். அப்பவும் எடுத்துக்கலையே." எதிராளி குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள். என் அம்மாவும் ஒரு தடவை அதைக் கேட்டுத் திரும்பி வந்தாள். அதற்கப்புறம் சம்பந்தியைப் பற்றி என்னிடம் குறை சொல்வதை விட்டுவிட்டாள்.

பல வருஷம் கழித்து பெலீஸிலிருந்து வந்த ஒரு மாலுமி உர்சுலாவைப் பற்றிச் செய்தி கொண்டுவந்தான். யுருமைனில் ஒரு கிழவி தோட்டம் தோட்டமாகப் போய் மரவள்ளி ரொட்டி விற்றாளாம். விற்கிற சாக்கில் அடிமைக் குடிசைகளில் ஒரு பிள்ளையைப் பற்றி விசாரிப்பாளாம். அந்த முதலாளி செத்துப்போக, அவன் ஆட்களையெல்லாம் வேறு தீவுகளுக்கு விற்றுவிட்டார்கள் என்று மட்டும் கண்டுபிடித்தாளாம். எந்தத் தீவு என்று தெரியவில்லை. கிழவியும் இப்போது இல்லை.

அத்தை எல்லாவற்றையும் கேட்டாள். "அந்த ரொட்டியையும் காசு கொடுத்து வாங்கியிருக்காங்களே பாவிங்க" என்று சிரித்தாள். சிரிப்பு நிற்கவில்லை. நான் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனேன்.

இங்கிலீஷ்காரன் தன் தீவுகளில் அடிமைகளை விடுதலை செய்துவிட்டான் என்று துறைமுகத்தில் பேச்சு வந்தபோது, அத்தைக்கு முதுகு கூனிவிட்டது. மறுநாள் காலையில் நான் எழுந்தபோது, துணி மூட்டையும் ரொட்டிக் கூடையுமாக வாசலில் நின்றாள்.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"பெலீஸ் கப்பல் தீவுப் பக்கம் போகுதாம். கேட்டுட்டு வர்றேன்."

சிப்ரியன் கத்தினார். "இந்த வயசுல கப்பலா? போற வழியிலேயே போயிடுவே." அவள் காதில் வாங்கவில்லை. கடைசியில் நாங்கள் இரண்டு பேரும் கூடப் போனோம்.

கப்பல்காரன் நல்ல மனுஷன், வயசானவன். மூட்டைமேல் உட்காரவைத்துப் பேசினான்.

"எந்தத் தீவும்மா?"

"தெரியாது."

"பொண்ணு பேரு?"

"ஸெலி. ஆனா வாங்கினவங்க மாத்தியிருப்பாங்க."

"என்ன வயசு?"

"சின்னப் பிள்ளை" என்றவள், தன்னைத் திருத்திக்கொண்டாள். "இல்ல, இப்ப அவளுக்கே பேரன் பேத்தி இருக்கும்."

"நிறம்?"

"வெளுப்பு. கரும்பு வெட்டினா கறுத்திருப்பா."

கப்பல்காரன் தலையைச் சொறிந்தான். "ஏதாவது அடையாளம் சொல்லுங்கம்மா. அங்க இப்ப விடுதலையானவங்க ரோடு ரோடா நடக்குறாங்க. உங்க ஆளுங்கன்னா நெத்தியைப் பார்த்தே சொல்லிடலாமே?"

அத்தை தலைத்துணியை இன்னும் கொஞ்சம் கீழே இறக்கிவிட்டுக்கொண்டாள்.

"அவ நெத்தி எல்லாரையும் மாதிரிதான் இருக்கும், ஐயா."

கப்பலில் சாமான் ஏற்றும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து அவள் ரொட்டிக் கூடையை அவனிடம் கொடுத்தாள்.

"நான் வரலை. நீங்க இறங்குற ஊர்ல எல்லாம் ஒரே ஒரு தடவை அவ பேரைச் சத்தமாக் கூப்பிட்டுப் பாருங்க. அது போதும்."

"கூப்பிடுறேன்மா" என்றான்.

அடுத்த வருஷம் அந்தக் கப்பல் வந்தபோது அவளால் நடக்கமுடியவில்லை. கப்பல்காரனே வீட்டுக்கு வந்தான். அவள் பாயில் எழுந்து உட்கார்ந்தாள்.

"கூப்பிட்டீங்களா?"

"எல்லாத் துறைமுகத்துலயும் கூப்பிட்டேன்மா."

"யாராவது திரும்பிப் பார்த்தாங்களா?"

அவன் என்னைப் பார்த்தான். "நாலஞ்சு பேர் பார்த்தாங்க" என்றான்.

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் என்னிடம் திரும்பி, அவனுக்குச் சாப்பாடு போடச் சொன்னாள்.

அவன் சாப்பிட்டுவிட்டுப் போனபிறகு கேட்டாள். "பொண்ணே, அவன் நிஜமாவே கூப்பிட்டிருப்பானா?"

"கூப்பிட்டிருப்பார், அத்தை."

"கத்தினா யார்தான் திரும்பிப் பார்க்கமாட்டாங்க" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.